மண்ணில் உண்ணும் காய்

நிலக்கடலை இரகங்களின் பெயரில் 'டி.எம்.வி.' என்னும் எழுத்துக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை திண்டிவனத்தைக் குறிப்பவை. 1940இல் வெளிவந்த டி.எம்.வி. 2, குடியாத்தம் பகுதியின் கொத்து இரகத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. அண்டை மாநிலங்களிலும் அது பரவியது.

எனினும், எவ்வளவு நல்ல இரகமாயினும், மண்ணில் கால்சியம் குறைந்தால் பருப்பில்லாத பொக்குக் காய்களே மிகும். விதையின் முளைப்புத் திறனும் குன்றும். இலைகள் செழித்திருக்க, காய் மட்டும் பொக்காவது ஏன்?

இக்கேள்விக்கு 1940களில் அமெரிக்காவில் விடை தேடினர். புளோரிடாவில் பிளெட்சோ, கோமர், ஹாரிஸ் ஆகிய மூவரும் கதிரியக்கக் கால்சியத்தை வேர்ப்பகுதிக்கும் காய்ப்பகுதிக்கும் தனித்தனியே அளித்துப் பார்த்தனர். முடிவு 1949இல் வெளிவந்தது. வேர் உறிஞ்சிய கால்சியத்தில் மிகச் சிறிதளவே காய்க்குச் சென்றது. காய் தனக்கு வேண்டியதைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொண்டது!

காரணத்தைக் காண்போம். செடியில் இருவகைக் குழாய்கள் உண்டு. அவற்றுள் சைலம் வேரிலிருந்து நீரை மேலேற்றுகிறது. இலைகள் நீராவியை வெளிவிடுவதால் இந்த ஓட்டம் நிகழ்கிறது. கால்சியமும் அதனோடு செல்கிறது. மண்ணில் புதைந்த காய் நீராவியை வெளிவிடுவதில்லை. ஆகவே அவ்வோட்டம் அதை நாடுவதில்லை. 1951இல் நெதர்லாந்து அறிஞர் வியர்சம் இதனை விளக்கினார்.

இலையில் உருவாகும் சர்க்கரையைக் காய்க்குக் கொண்டுவரும் புளோயத்தில் கால்சியம் வராதா என்று கேட்பீர்கள். புளோயத்தின் குழாய்கள் உயிருள்ள செல்களால் ஆனவை. உயிருள்ள செல் தன் சைட்டோபிளாசத்தில் கால்சியத்தை மிகக் குறைவாகவே வைத்திருக்கும். வெளியிலுள்ள அளவில் ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்கே இருக்கும். மிகுந்தால் அது பாஸ்பேட்டுடன் சேர்ந்து படிந்துவிடும். எனவே செல் சவ்வுகளிலுள்ள புரதப் பம்புகள் அதை ஓயாது வெளியேற்றுகின்றன. செல்லினுள் உள்ள பெரிய குமிழிலும் சேர்த்துவைக்கின்றன.

இந்தத் தாழ்ந்த அளவால் இன்னொரு பயனும் உண்டு. குளிரோ காயமோ தாக்கும்போது சிறிதளவு கால்சியம் உள்ளே நுழைந்தாலும் செல் அதனை எச்சரிக்கையாக உணர்கிறது. கால்சியத்துடன் இணைந்து இவ்வேலையில் பங்குகொள்ளும் கால்மோடுலின் என்னும் புரதம் தாவரங்களில் உண்டென்பது 1978இல் தெரியவந்தது.

ஆக, செல்லுக்குக் காவலாக அமைந்த ஏற்பாடே காய்க்குக் குறையாகிறது. அதை ஈடுசெய்வது உழவரின் கை. இறவைப் பயிருக்கு 40-45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்வது இதனால்தான். ஜிப்சம் நீரில் சிறிது சிறிதாகக் கரைந்து கால்சியத்தோடு கந்தகத்தையும் தரும். அதை இடவேண்டிய இடம் விழுதுகள் இறங்கும் மேல்மண் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.