200 மணி நேரம் பறந்தாச்சு... முதல் பைலட் வேலை இன்டர்வியூவில் என்ன கேட்பாங்க?

கையில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ். லாக்புக்கில் 200 மணி நேரமும் கொஞ்சம் கூடவும். பேங்க் கடனுக்கு வட்டி ஓடிக்கிட்டே இருக்கு. வேலை மட்டும் இன்னும் கிடைக்கலை. நம்ம நாட்டில் லைசென்ஸ் வாங்கிய பல இளைஞர்களின் நிலைமை இதுதான்.

இந்த நேரத்தில் ஒரு சின்ன பிராந்திய விமான நிறுவனத்திலிருந்து இன்டர்வியூவுக்கு அழைப்பு வருகிறது. உள்ளே என்ன நடக்கும்?

சின்ன நிறுவனம்னா எது?

சிறு நகரங்களை இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27-ல் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. அதை இயக்கியது அலையன்ஸ் ஏர். 2019 நவம்பரில் சென்னை - யாழ்ப்பாணம் சேவையைத் தொடங்கியதும் இதே நிறுவனம்தான். கோவாவின் ஃபிளை91 நிறுவனம் 2024-ல் பறக்கத் தொடங்கியது.

இரண்டுமே பயன்படுத்துவது ஏடிஆர் 72 ரக விமானம். சுமார் 70 பேர் உட்காரலாம், இரண்டு பக்கமும் புரொப்பல்லர் சுற்றும். இன்டர்வியூவுக்குப் போகிறவர் இந்த விமானத்தைப் பற்றி எதுவும் படிக்காமல் போனால், அழைப்பை மதிக்கவில்லை என்றுதான் எதிரே இருப்பவர்கள் நினைப்பார்கள்.

முதலில் எழுத்துத் தேர்வு

நேவிகேஷன், வானிலை, விமான விதிகள், டெக்னிக்கல். லைசென்ஸுக்குப் படித்த அதே பாடங்கள்தான். பலர் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவதால் இங்கேயே வெளியேறிவிடுகிறார்கள். சில நிறுவனங்களில் கம்ப்யூட்டர் வழி திறன் சோதனை, குழு விவாதம், சிமுலேட்டர் சோதனையும் உண்டு.

நேர்காணலில் பேப்பர், பேனா இல்லாமல் கணக்குப் போடச் சொல்வார்கள். '250 டிகிரி நோக்கிய ரன்வேயில் இறங்குறீங்க. காற்று 280 டிகிரியிலிருந்து 20 நாட். பக்கவாட்டுக் காற்று எவ்வளவு?' வித்தியாசம் 30 டிகிரி. அதனால் காற்றின் வேகத்தில் பாதி, அதாவது 10 நாட். '17,000 அடியிலிருந்து எப்போ இறங்க ஆரம்பிப்பீங்க?' ஆயிரம் அடிக்கு 3 கடல் மைல் என்று வைத்தால், கடல் மட்டத்தில் உள்ள ஏர்போர்ட்டுக்கு சுமார் 51 கடல் மைல் முன்பே.

ஒரு பொறிக் கேள்வியும் வரும். வானிலை அறிக்கையில் எழுதியிருக்கும் காற்றின் திசை உண்மை வடக்கை வைத்தா, காந்த வடக்கை வைத்தா? எழுத்தில் வரும் மெட்டார் அறிக்கையில் உண்மை வடக்கு. கன்ட்ரோல் டவர் வாயால் சொல்வது காந்த வடக்கு. ரன்வே எண்ணும் காந்த வடக்கை வைத்துத்தான் எழுதப்படுகிறது.

'ஒரு இன்ஜின் நின்னுபோச்சு, என்ன செய்வீங்க?'

இந்தக் கேள்வி வராத இன்டர்வியூ அபூர்வம். மனப்பாடமாக 'இன்ஜினை ஆஃப் பண்ணுவேன்' என்று ஆரம்பித்தால் சிக்கல்தான். 2015 பிப்ரவரியில் தைபேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72 கிளம்பிய சில நிமிடங்களில் ஆற்றில் விழுந்து 43 பேர் இறந்தார்கள். வலது இன்ஜின் சக்தியை இழந்திருந்தது. காக்பிட்டில் நிறுத்தப்பட்டதோ நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது இன்ஜின்.

அதனால் எதிர்பார்க்கும் பதில் இந்த வரிசையில் இருக்க வேண்டும்: முதலில் விமானத்தை நேராகப் பிடிப்பேன், பாதுகாப்பான உயரத்துக்குப் போவேன், எந்த இன்ஜின் என்று இரண்டு பேரும் சேர்ந்து உறுதி செய்த பிறகே லீவரைத் தொடுவேன்.

'ஃபெதர்' என்றால் என்ன என்றும் கேட்கலாம். புரொப்பல்லர் இறக்கையை, காற்றுக்குக் கத்தி முனையைக் காட்டுவது போலத் திருப்பி வைப்பது. நின்றுபோன இன்ஜினுக்கு அது நல்லது. 2023 ஜனவரியில் நேபாளத்தின் பொக்காராவில், ஓடிக்கொண்டிருந்த இரண்டு இன்ஜின்களின் புரொப்பல்லர்களும் லீவர் மாற்றி இழுக்கப்பட்டதால் அப்படித் திரும்பின. 72 பேர் உயிரிழந்தார்கள்.

லாக்புக்தான் கேள்வித்தாள்

டெக்னிக்கல் முடிந்ததும் லாக்புக்கைப் புரட்டுவார்கள். 'இந்தத் தேதியில இரண்டு மணி நேரம் பறந்திருக்கீங்க. எங்கே போனீங்க? வானிலை எப்படி?' உண்மையாகப் பறந்தவருக்கு இது நினைவில் இருக்கும். 2011-ல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கிய விவகாரம் இந்தியாவில் வெடித்தது. ஆவணம் சரிபார்ப்பதில் கறாராக இருப்பதில் ஆச்சரியமில்லை.

ஏதாவது சோதனையில் ஃபெயில் ஆகியிருந்தால்? சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற பிராந்திய நிறுவனத்தின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கேப்டன், முன்பு தோற்ற சோதனைகள் எல்லாவற்றையும் வேலை விண்ணப்பத்தில் சொல்லவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அதன் பிறகுதான் அங்கே கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் என்ற விதி வந்தது.

ஒரு முறை ஃபெயில் ஆனதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்குவது குறைவு. ஏன் தோற்றோம், அடுத்து என்ன மாற்றினோம் என்று இரண்டு வரியில் சொல்ல முடிந்தால் போதும். தெரியாத கேள்விக்கு 'தெரியலை சார், பார்த்துச் சொல்றேன்' என்பதும் மரியாதையான பதில்தான். அடிச்சு விடுகிறவரைத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள்.

கேப்டன் தப்பு பண்ணினா?

'ரன்வே தெரியலை. குறைந்தபட்ச உயரம் வந்தும் கேப்டன் இறங்கிக்கிட்டே இருக்கார். நீங்க?' பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த நம்ம பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். 'கேப்டனுக்குத் தெரியும், அவர் அனுபவசாலி' என்ற பதில் பணிவாகத் தெரியலாம், வேலை கிடைக்காது. உடனே தெளிவாகச் சொல்வேன், மேலே ஏறச் சொல்வேன், பதில் இல்லைன்னா கன்ட்ரோலை எடுத்துக்குவேன் என்பதுதான் எதிர்பார்க்கப்படுவது.

'உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?'

கடைசியில் இதைக் கேட்பார்கள். தலையாட்டிவிட்டு எழுந்து வரக்கூடாது. ஏடிஆர் பயிற்சிச் செலவு யாருடையது, பாண்ட் எத்தனை வருஷம், இடையில் விலகினால் எவ்வளவு கட்டணும், பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, எந்த ஊரில் பணி என்று கேட்டு வாங்கலாம். 'பெரிய கம்பெனி கூப்பிட்டா போயிடுவீங்களா?' என்று அவர்களும் கேட்பார்கள். அதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று: 2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட கோ-பைலட் 6 மாதமும் கேப்டன் ஒரு வருடமும் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாண்ட் தொகை அதற்கு மேல் தனி.