ஃபைல் சின்னதாகணும், படமும் கெடக்கூடாது - பெங்களூருக்காரர் போட்ட கணக்கு

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூரிலிருந்து ஜூஜூவாடி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் போனால் சுமார் 40 கி.மீ. தூரத்தில் பெங்களூரு. அந்த வழியில் தினமும் வேலைக்குப் போகிறவர்களின் செல்போனில் அனிமேஷன் படங்கள் ஓடுகின்றன. அந்தப் படத்தைச் செல்போனுக்குள் அடங்க வைத்த கணக்குக்குச் சொந்தக்காரர் அதே பெங்களூருவில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது!

அவர் பெயர் நசீர் அகமது. 1940-ல் பிறந்தார். பெங்களூருவில் பொறியியல் முடித்து, அமெரிக்காவில் 1966-ல் டாக்டர் பட்டம் பெற்று, கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1972-ல் படங்களைச் சுருக்க ஒரு புதிய வழியை ஆராய, அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறது என்பது ஒரு மதிப்பீட்டாளரின் கருத்து. கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது. ஆனாலும் அவர் விடவில்லை. தன் ஆராய்ச்சி மாணவர் டி.நடராஜன், நண்பர் கே.ஆர்.ராவ் ஆகியோருடன் வேலையை முடித்தார். ராவ் 1952-ல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் வாங்கியவர். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் கட்டுரை வெளிவந்தது. அதுதான் டிசிடி (டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம்).

அப்படி என்ன செய்கிறது இது? படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, 64 புள்ளிகளை 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் கட்டத்தின் சராசரி. மற்றவை படிப்படியாக நுணுக்கமான மாற்றங்கள். மிக நுணுக்கமானவை குறைந்தால் நம் கண் அவ்வளவாகக் கவனிக்காது. எனவே அந்த எண்களைப் பெரிய எண்ணால் வகுத்து முழு எண்ணாக்கினால் பல பூஜ்ஜியமாகிவிடும். வகுக்கும் எண் பெரிதானால் ஃபைல் சிறுக்கும், தரமும் இறங்கும். அளவா, தரமா என்ற சண்டை முழுவதும் இந்த ஒரு வகுத்தலில்தான்!

இதன் பலன் எவ்வளவு தெரியுமா? வி.சி.டி.யின் 352×288 படத்தை, நொடிக்கு 25 ஃபிரேம் வீதம் சுருக்காமல் வைத்தால் நொடிக்கு சுமார் 7.6 எம்.பி. ஆகும். 650 எம்.பி. சிடியில் ஒன்றரை நிமிடம்கூட ஓடாது. 1993-ல் வந்த எம்பெக்-1, டிசிடியோடு ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதை மட்டும் சேமிக்கும் முறையையும் சேர்த்தது. அதே சிடியில் 74 நிமிடப் படம் அடங்கியது.

கம்ப்யூட்டர் அனிமேஷனுக்கு இதில் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. 2000-ல் சென்னை பென்டாமீடியா எடுத்த 'பாண்டவாஸ்' போன்ற படங்களில் ஒரே நிறச் சுவர், தரை என்றால் சில எண்களே போதும். ஆனால் கூர்மையான ஓரங்களுக்கு நுணுக்க எண்கள் எல்லாமே வேண்டும். வெட்டினால் ஓரத்தைச் சுற்றி கொசு மொய்ப்பது போலப் புள்ளிகள் தெரியும். அதன் பெயரே 'மஸ்கிட்டோ நாய்ஸ்'! மெல்ல நிறம் மாறும் வானமோ பட்டை பட்டையாகிவிடும். 2003-ல் வந்த எச்.264, கட்டங்களின் ஓரத்தை மழுக்கும் வடிகட்டியைச் சேர்த்தது. அதற்கான எக்ஸ்264 மென்பொருளில் 'அனிமேஷன்' என்றே தனி அமைப்பு உண்டு. அந்த வடிகட்டியைக் கூட்டி, ஒப்பிட்டுப் பார்க்கும் ஃபிரேம்களையும் அது அதிகமாக்கும்.

எச்.264 பயன்படுத்துவதும் டிசிடியின் சாயல்தான். அகமதுவின் கதை 2021-ல் 'திஸ் இஸ் அஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வந்தது. நிதி மறுக்கப்பட்டு அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன. எளிமை என்று ஒதுக்கப்பட்டதுதான் உலகம் முழுக்கப் பரவியது. அது எளிமையாக இருந்ததால்தானே சின்னச் சின்ன கருவிகளுக்குள்ளும் நுழைய முடிந்தது?