எதால் வகுக்கிறோம்? ஹேண்ட்பால் வீரர்களின் உடலளவும் உடற்தகுதியும்

ஹேண்ட்பால் வீரர்களின் உடலளவையும் உடற்தகுதியையும் ஒப்பிடும் ஆய்வுகளை அடுத்தடுத்து வாசித்தால் ஒரு முரண் தென்படும். எறியும் வேகத்தையும் கைப்பிடி வலுவையும் அளந்தால் பெரிய உடல் முந்துகிறது. ஷட்டில் ஓட்டத்தையும் புல்-அப்ஸையும் அளந்தால் அதே உடல் பின்தங்குகிறது. இரண்டு முடிவும் சரிதான். நாம் தேர்ந்த சோதனையின் கணக்கிலேயே விடையில் பாதி ஒளிந்திருக்கிறது என்பதே என் வாதம். (கைப்பந்து என்றால் நம்மில் பலர் வாலிபாலை நினைப்பார்கள், அதனால் மைதானத்தில் வழங்கும் பெயரையே கையாள்கிறேன்.)

உயரம் தரும் ஆதாயம் முழுவதையும் உடற்தகுதிக் கணக்கில் எழுதிவிட முடியாது. 9 மீட்டர் கோட்டுக்கு வெளியே எழும்பும் பேக் (பின்வரிசைத் தாக்குநர்), எதிரே உயர்ந்து நிற்கும் கைகளுக்கு மேலாகப் பந்தை அனுப்ப வேண்டும். அங்கே உயரம் வெறும் வடிவியல். ஆண்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 58 முதல் 60 செ.மீ.; அகன்ற உள்ளங்கைக்கு அது அடங்கும், சிறிய கைக்கு நழுவும். 6 மீட்டர் கோட்டில் தடுப்பாளருக்கு முதுகு கொடுத்து நிற்கும் பிவட்டுக்கு எடைதான் நங்கூரம். மூலையிலிருந்து பாயும் விங் வீரருக்கோ, காற்றில் கூடுதலாகத் தங்கும் கணநேரம் ஒடுங்கிய கோணத்தைத் திறந்து கொடுக்கிறது. இவர்களையெல்லாம் ஒரே பட்டியலில் அடுக்கி ஒட்டுறவுக் கெழு காண்பது, வெவ்வேறு தொழில் செய்பவர்களின் கூலியைக் கூட்டிச் சராசரி எடுப்பது போல.

வகுக்கும் எண்ணைக் கவனிப்போம். கற்பனைக்கு இருவர்: 70 கிலோ விங், 100 கிலோ பிவட். உச்ச ஆக்சிஜன் நுகர்வு முன்னவருக்கு நிமிடத்துக்கு 4.2 லிட்டர், பின்னவருக்கு 5.2. கிலோவால் வகுத்தால் 60-உம் 52-உம் மில்லிலிட்டர். பிவட் 13 சதவீதம் பின்தங்குகிறார். ஆனால் உருவம் பெருகும்போது எடை உயரத்தின் மும்மடியாகவும், தசையின் குறுக்குப் பரப்பு இருமடியாகவும் வளர்கிறது. ஆகவே எடையின் மூன்றில் இரண்டு அடுக்கால் வகுப்பது நியாயம் என்பர் உடலளவியல் ஆய்வாளர். அப்படி வகுத்தால் 247-உம் 241-உம் வரும். இடைவெளி 3 சதவீதத்துக்குள் சுருங்குகிறது. நுரையீரலும் இதயமும் மாறவில்லை, வகுத்த எண்தான் மாறியது.

இதனால் பருத்த உடலுக்குப் பழுதே இல்லை என்று ஆகிவிடாது. ஷட்டில் ஓட்டத்தில் ஒவ்வொரு 20 மீட்டர் முனையிலும் நின்று திரும்ப வேண்டும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வரும் 100 கிலோ உடலை நிறுத்த 1250 ஜூல் ஆற்றலை விழுங்க வேண்டும். 70 கிலோவுக்கு 875 போதும். பலகைத் தரையில் பூட்ஸ் கிறீச்சிடும் ஓசையிலேயே வித்தியாசம் கேட்கும். ஆட்டத்திலும் அதே நிறுத்தல்கள் உண்டு. சோதனை பொய் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொல்லவில்லை, அவ்வளவே.

உடல் நிறை குறியீட்டெண் இங்கே இன்னும் குறைவாகவே சொல்லும். 195 செ.மீ. உயரமும் 100 கிலோ எடையும் உள்ளவருக்கு அது 26.3, 25-ஐத் தாண்டியதால் அட்டவணை அவரை 'மிகை எடை' என்று ஒதுக்கும். தோளில் ஏறியது தசையா, இடுப்பில் படிந்தது கொழுப்பா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. எறிதலுக்குத் தசை துணை. ஓட்டத்துக்கும் குதித்தலுக்கும் கொழுப்பு சுமை. எடையைப் பிரிக்காமல் எழுதும் எந்த முடிவையும் நான் ஐயத்தோடுதான் வாசிப்பேன்.

பெரிய உடலின்றியே உச்சம் தொட்டவர்களும் உண்டு. 2019-இல் உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான நார்வேயின் ஸ்டீனா ஊஃப்டெடால் 170 செ.மீ.கூட இல்லை. பாரிஸ் 2024-இல் தங்கம் வென்ற டென்மார்க்கின் மத்தியாஸ் கிட்செல் பேக் வரிசையிலேயே மெலிந்த உடலோடு ஆடுகிறார். விதிவிலக்குகள் சராசரியை உடைப்பதில்லை என்ற மறுப்பை ஏற்கிறேன். ஆனால் தேர்வாளர் முன்னால் வந்து நிற்பது சராசரி அல்ல, ஓர் ஆள்.

உடலளவை வைத்து ஆளை எடைபோடும் ஆபத்து பள்ளி அளவிலான தேர்வில்தான் கூடுதல். பையன்களுக்கு உயரம் வேகமாக ஏறுவது ஏறக்குறைய 14 வயதில்; ஒருவனுக்கு 12-இலேயே தொடங்கிவிடும், இன்னொருவன் 16 வரை காத்திருப்பான். அந்த வயதில் உயரமும் வலுவும் கைகோத்து வருகின்றன என்றால், இரண்டுக்கும் பின்னால் நிற்பது முந்திய முதிர்ச்சி. தேர்வுத் தாளில் பிறந்த தேதியும், ஆறு மாத இடைவெளியில் எடுத்த இரு உயர அளவுகளும் இருந்தால், வளர்ந்து முடிந்தவன் யார், இனிமேல் வளரப்போகிறவன் யார் என்று ஓரளவு பிரித்தறியலாம்.