லபுகமவிலிருந்து எங்கள் ஒழுங்கை வரை: கொழும்புக் குழாய்நீரின் கதை

மருதானையில் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையில் பதினாறு வீடுகளுக்கு ஒரேயொரு பொதுப் பைப்தான் இருந்தது. பகலில் அதைத் திறந்தால் காற்றுத்தான் சீறும். இரவு இஷாவுக்குப் பிறகு தண்ணீர் மெல்ல வரத் தொடங்கி, சுபஹு பாங்கு சொல்லி முடியும்வரை ஓடும். அதற்குள் குடம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளாகிய எங்களுக்கு வரிசையில் வாளி வைத்துக் காவல் இருப்பதுதான் வேலை.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது தம்பிக்கு நெருப்புக்காய்ச்சல் கண்டது. அதே கிழமையில் ஒழுங்கையில் இன்னும் நான்கு பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். வந்து பார்த்த டொக்டர், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி சொன்னார். உம்மும்மாவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு கிளாஸில் தண்ணீரை ஏந்தி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "இது லபுகமத் தண்ணி மகன். கண்ணாடி மாதிரி ஈக்கிது. இதுல என்ன பிழை வரப்போகுது?" என்றார்.

அந்தக் கேள்வி என்னோடு நெடுநாள் இருந்தது. உம்மும்மா வீம்புக்காக அதைச் சொல்லவில்லை. 'லபுகமத் தண்ணி' என்பது அவருடைய தலைமுறைக்கு ஒரு நற்சான்றுப் பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது, அது எங்கள் ஒழுங்கைக்கு வந்து சேர்வதற்குள் என்ன நடந்தது என்பதைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

கொழும்பு மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவானது. அக்காலத்தில் நகரவாசிகள் பெரும்பாலும் கிணற்றை நம்பியே வாழ்ந்தனர். கொழும்பின் மண் நீரை எளிதில் உள்ளே விடும் மண். நெருக்கமாக வீடுகள் எழுந்த இடங்களில் கிணறும் மலக்குழியும் சில அடி தூரத்துக்குள் அமைந்தன. மழை பெய்தால் குழியின் கழிவு மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றைத் தேடிப் போகும். மண் வடிகட்டிக் கொடுக்கும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருக்கும். நோய்க்கிருமியோ அதற்குள் உயிரோடு இருக்கும். வாந்திபேதி அடிக்கடி நகரைத் தாக்கியதற்குத் துறைமுகத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

இந்த நிலையில்தான் லபுகமத் திட்டம் வந்தது. 1882இல் தொடங்கிய வேலை 1886இல் முடிந்தது. கொழும்பிலிருந்து 40 கிலோமீற்றருக்கும் அப்பால், களனி கங்கையின் கிளையான வாக் ஓயாவை மறித்து, காடு சூழ்ந்த பள்ளத்தாக்கில் நீர்த்தேக்கம் கட்டினார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய் வழியே, பம்பு எதுவுமில்லாமல், நிலத்தின் சரிவாலேயே தண்ணீர் மருதானையை அடுத்த மாளிகாகந்தை மேட்டிலுள்ள தொட்டிக்கு வந்து சேர்ந்தது. மேட்டிலிருந்து நகருக்குப் பகிர்ந்தார்கள். ஸாஹிறாக் கல்லூரி 1892இல் மருதானையில் தோன்றியபோது இந்தத் தண்ணீர் நகருக்கு வந்து ஆறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. நம் சமூகத்தின் நவீன கல்வி வரலாறும் நகரின் குழாய்நீர் வரலாறும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே சுற்றாடலில் தொடங்கியிருக்கின்றன.

லபுகமத் திட்டத்தின் பலம் எங்கே இருந்தது? நீர் வந்து சேரும் காட்டைக் காவல் செய்ததில் இருந்தது. மேலே குடியிருப்பு இல்லை, தோட்டம் இல்லை, பட்டி இல்லை. அழுக்கைச் சேரவிட்டுப் பிறகு நீக்குவதைவிட, சேரவிடாமல் தடுப்பது மேல் என்ற எண்ணம் அது. அந்தக் காடு இன்றும் ஒதுக்குக் காடாகவே இருக்கிறது. உம்மும்மாவின் நற்சான்று இந்தக் காவலுக்குக் கிடைத்த நற்சான்றுதான்.

ஆனால் தண்ணீரைக் கொண்டுவந்தவர்கள், கழிவுநீரைக் கொண்டுபோகும் வழியை உடனே அமைக்கவில்லை. நகரின் கழிவுநீர்க் குழாய் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆரம்பமானது. இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்குள் தாராளமாக வந்த நீர் அழுக்காகிக் கானுக்கும் குழிக்கும் போனது. நல்ல தண்ணீர்க் குழாயும் கெட்ட தண்ணீர்க் கானும் ஒரே ஒழுங்கையில் அருகருகே ஓடும் அமைப்பு இப்படித்தான் நிலைபெற்றது.

தெளிவான தண்ணீரை நம்பிய ஒரு நகரம் என்ன விலை கொடுத்தது என்பதை அறிய, அதே காலத்து ஜேர்மனியைப் பார்க்கலாம். ஹம்பர்க் நகரம் எல்ப் ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களுக்கு அனுப்பி வந்தது. அதை ஒட்டியிருந்த அல்டோனா அதே ஆற்றில், அதுவும் ஹம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு, கீழ்ப்புறத்தில் நீர் எடுத்தது. ஆனால் மணற்படுகையில் மெதுவாக வடித்த பிறகே அதை விநியோகித்தது. 1892இல் வாந்திபேதி வந்தபோது ஹம்பர்க்கில் 8,600 பேருக்கு மேல் இறந்தனர். அல்டோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகருக்கும் எல்லையாக இருந்த தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் நோய், எதிர்ப்பக்கத்தில் இல்லை. காற்றும் மண்ணும் ஒன்றாக இருந்தன. குழாய் மட்டுமே வேறு. நோய் நச்சுக் காற்றால் வருகிறது என்று வாதிட்டவர்களுக்கு அந்தத் தெரு பதில் சொல்லிவிட்டது. அடுத்த வருடமே ஹம்பர்க் வடிகட்டி நிலையத்தைத் திறந்தது.

கொழும்பு பெருகியது. லபுகம போதாமல் 1950களில் அதே வாக் ஓயாவில் களட்டுவாவ நீர்த்தேக்கம் சேர்ந்தது. அதுவும் போதவில்லை. 1960களில் நகரம் களனி கங்கையின் பக்கம் திரும்பி, அம்பத்தளையில் நீர் எடுத்துச் சுத்திகரிக்கத் தொடங்கியது. 1975இல் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை உருவானது. பின்னர் பியகமவிலும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. இன்று கொழும்பும் அதன் சுற்றுப்புறமும் குடிக்கும் நீரில் மிகப் பெரிய பங்கு களனியின் நீரே. 'லபுகமத் தண்ணி' என்ற பெயர் மட்டும் பழையவர்களின் வாயில் தங்கிவிட்டது.

இந்த மாற்றத்தை நம்மில் பலர் வெறும் அளவு மாற்றமாகவே நினைக்கிறோம். உண்மையில் இது தத்துவ மாற்றம். காவல் செய்த காட்டு நீரை விட்டு, 145 கிலோமீற்றர் ஓடி வரும் ஒரு பொது ஆற்றின் கீழ்முனைக்கு நகரம் வந்துவிட்டது. அம்பத்தளைக்கு மேலே தேயிலைத் தோட்டங்கள், ஹட்டன் முதல் ஹங்வெல்லை வரை ஊர்கள், அவிசாவளையிலும் பியகமவிலும் தொழிற்பேட்டைகள் உள்ளன. பசளை, மலக்கிருமி, சாயம், எண்ணெய், கன உலோகம் என்று இவை விடுவதெல்லாம் ஆற்றுக்கே வருகின்றன. 2015 ஆகஸ்டில் கடுவெலையில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையிலிருந்து கசிந்த எண்ணெய் ஆற்றில் கலந்து, கொழும்பின் நீர்விநியோகம் தடைப்பட்டது. ஒரு கசிவு போதுமாயிருந்தது.

கடலும் சும்மா இருக்கவில்லை. ஆற்று மணலை அளவுக்கு மீறி அள்ளியதால் ஆற்றின் அடிநிலம் தாழ்ந்தது. கோடையில் நீர்வரத்துக் குறையும்போது, கடலிலிருந்து சுமார் 14 கிலோமீற்றர் உள்ளே இருக்கும் அம்பத்தளை வரை உவர்நீர் ஏறிவரும். மணல்மூட்டைகளை அடுக்கி அதைத் தடுத்த காலங்கள் உண்டு. கொழும்பில் தேத்தண்ணி உப்புக் கரித்தால் வீட்டில் சீனி போட்டவரைத்தான் ஏசுவார்கள். மணல் அள்ளியவரை யாரும் நினைப்பதில்லை.

சுத்திகரிப்பு நிலையத்தால் எது முடியும், எது முடியாது என்பதை அறிந்துகொள்வது நல்லது. முதலில் படிகாரம் போன்றதைக் கலந்து, நீரில் மிதக்கும் நுண்துகள்களைத் திரளச் செய்து அடியில் படிய விடுவார்கள். பிறகு மணலில் வடிப்பார்கள். கடைசியில் குளோரின் இடுவார்கள். இவை சேறு, பக்டீரியா, வைரசு ஆகியவற்றை நன்றாகக் கட்டுப்படுத்தும். கரைந்த உப்பை இவை எடுக்காது. சில தொழிற்சாலை இரசாயனங்களையும் எடுக்காது. வீட்டில் கொதிக்க வைப்பதும் அப்படித்தான்: கிருமி சாகும், உப்பும் ஈயமும் அப்படியே கிடக்கும், நீர் வற்ற வற்றச் செறிவு கூடவும் செய்யும். ஆகவே ஆற்றைக் காப்பதற்கு மாற்றாக எந்த இயந்திரமும் இல்லை.

இனி எங்கள் ஒழுங்கைக்கு வருகிறேன். நிலையத்திலிருந்து நல்ல நீரே புறப்பட்டாலும், அது வந்து சேரும் குழாய் நூறு வயதைத் தாண்டியதாக இருக்கலாம். 2012 அளவில் கொழும்பு நகருக்குள் அனுப்பப்பட்ட நீரில் ஏறக்குறைய பாதி, கசிவாலும் கள்ள இணைப்பாலும் பிறவற்றாலும் கணக்கில் வராமல் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் வெளியே கசியும் ஓட்டை, அழுத்தம் குறைந்ததும் அழுக்கு உள்ளே வரும் ஓட்டையாகிவிடும். விநியோகம் நின்ற நேரத்தில் காலியான குழாய் சுற்றியுள்ள கான்நீரை உறிஞ்சும். தெருக்குழாயில் நேரே மோட்டர் மாட்டி இழுக்கும் வீடுகள் அந்த உறிஞ்சலைக் கூட்டுகின்றன. இதற்காகவே குழாயின் கடைசி முனையிலும் குளோரின் கொஞ்சம் எஞ்சியிருக்க வேண்டும் என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். 'பைப் தண்ணி மருந்து மணக்குது' என்று நாம் குறைப்படுகிறோம். அந்த மணம் ஒரு காவற்காரனின் காலடி ஓசை.

எங்கள் தம்பி படுத்து மூன்றாம் கிழமை, ஒழுங்கைவாசிகளே காசு சேர்த்து ஆள் பிடித்துக் கானைத் தோண்டினார்கள். கானின் அடியில், கறுத்த சேற்றுக்குள், எங்கள் பைப்புக்கு வரும் இரும்புக் குழாய் கிடந்தது. துருவேறிய இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. பகலெல்லாம் காற்றுச் சீறிய குழாய், எதை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. தண்ணீர் லபுகமவிலிருந்தே வந்திருக்கலாம். கடைசிப் பத்து அடியில் அது வேறு தண்ணீராகிவிட்டது. தம்பி பிழைத்தான். நாலாம் வீட்டுப் பிள்ளை பிழைக்கவில்லை.

இந்த வரலாற்றை எழுதும்போது நம் சமூகத்தைப் பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தண்ணீர் கொடுப்பதை நாம் நிலையான தர்மமாகக் கருதுகிறோம். மர்ஹூம்களின் பெயரில் கிணறும் குழாய்க்கிணறும் அமைத்துக் கல்வெட்டும் பதிக்கிறோம். திறப்புவிழாவில் எடுத்த படத்தைச் சட்டமிட்டு வைக்கிறோம். அந்த நீரைப் பரிசோதித்த அறிக்கையைச் சட்டமிட்டு வைத்த பள்ளிவாசலை நான் இதுவரை பார்த்ததில்லை. ஹவ்ழுக்கு மேலே உள்ள தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். கிணறு வெட்டும் செலவோடு ஒப்பிட்டால் பரிசோதனைச் செலவு சிறியது. தருகிற நீர் இன்னதென்று அறிந்து தருவதும் அந்தத் தர்மத்தின் ஒரு பகுதிதான் என்பது என் தாழ்மையான எண்ணம்.

உம்மும்மா அதற்குப் பிறகு டொக்டரின் சொல்லை மீறவில்லை. பெரிய செம்புக் கேத்தலில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஆறிய நீரை கிளாஸில் ஊற்றுவார். பழக்கதோஷம், வெளிச்சத்தில் பிடித்தும் பார்ப்பார். ஆனால் அதைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்வதில்லை.