படைவீரருக்கு ஒரு வீடு: சட்டம் தந்த தகுதியும் வங்கி கேட்ட தகுதியும்



இரண்டாம் உலகப் போர் என்றதும் நம் வரலாற்றுப் பாடங்கள் படையெடுப்பையும் சரணடைதலையும் கூறி முடிந்துவிடுகின்றன. போர் முடிந்து திரும்பிய வீரன் எங்கே குடியிருந்தான் என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. அவ்வினாவுக்கு அமெரிக்கா கண்ட விடையே படைவீரர் வீட்டுக் கடன் திட்டம். அதன் வரலாற்றில் பெருமையும் உண்டு, பெருங்குறையும் உண்டு.

வாக்குறுதியும் வன்முறையும்

முதல் உலகப் போர் வீரர்களுக்கு ஊக்கத்தொகை வழங்க அமெரிக்கா 1924இல் சட்டம் இயற்றியது. ஆனால், பெரும்பாலோருக்கு அத்தொகை 1945இல்தான் கைக்கு வரும். 1929இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்த வீரர்கள், அதனை உடனே தருமாறு கோரி 1932இல் பல்லாயிரவராய் வாஷிங்டனில் திரண்டு குடிசையமைத்துத் தங்கினர். ஜூலை 28ஆம் நாள் ஜெனரல் மெக்கார்தர் தலைமையில் இராணுவம் கண்ணீர்ப்புகை வீசி அவர்களை விரட்டியது; குடிசைகள் தீக்கிரையாயின. நாட்டுக்காகப் போரிட்டவரை நாட்டுப் படையே விரட்டிய அவலம் மீண்டும் நிகழக்கூடாது என்ற எண்ணம் தலைவர்களிடையே வேரூன்றியது.

1944ஆம் ஆண்டுச் சட்டம்

அமெரிக்கன் லீஜியன் அமைப்பின் முன்னாள் தலைவர் ஹாரி கோல்மெரி வரைந்த திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு சட்டம் உருவானது. 1944 ஜூன் 22ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் அதில் கையொப்பமிட்டார். மக்கள் அதனை ‘ஜி.ஐ. மசோதா’ என்றழைத்தனர். கல்வி உதவி, வேலையற்ற காலத்திற்கான உதவித்தொகை ஆகியவற்றுடன் வீட்டுக் கடன் உத்தரவாதமும் அதில் இடம்பெற்றது.

இங்கே ‘உத்தரவாதம்’ என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அரசாங்கம் கடன் கொடுக்கவில்லை. வங்கியே கொடுத்தது. வீரர் கட்டத் தவறினால் கடனில் பாதியை, 2,000 டாலர் உச்சவரம்புக்குள், அரசு ஏற்றுக்கொள்ளும். வட்டி 4 விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது. 1945 டிசம்பரில் அவ்வரம்பு 4,000 டாலராக உயர்ந்தது.

தகுதி விதிகளும் எளியவையே. 1940 செப்டம்பர் 16க்குப் பின் 90 நாள் பணியாற்றியிருக்க வேண்டும். அவமதிப்புடன் வெளியேற்றப்பட்டிருக்கக் கூடாது. பணியின்போது உடல் ஊனமுற்று விடுவிக்கப்பட்டவருக்கு 90 நாள் நிபந்தனை இல்லை. 1952 வரை இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கு ஏறத்தாழ 24 இலட்சம் வீட்டுக் கடன்களுக்கு உத்தரவாதம் அளிக்கப்பட்டது. வாடகை வீட்டில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் பல சொந்த வீட்டுக்குக் குடிபுகுந்தன.

இரண்டாவது வாயில்

சட்டத்தில் இனப்பாகுபாடு எழுதப்படவில்லை. ஆயினும் முடிவெடுக்கும் அதிகாரம் வங்கியிடம் இருந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் உத்தரவாதம் பெற்ற வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அவற்றுள் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு! நியூயார்க் அருகே 1947இல் எழத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பில், வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாதென ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

விடுவிப்புச் சான்றிலும் சூது இருந்தது. நன்னடத்தைச் சான்றும் இல்லாமல், அவமதிப்பும் இல்லாமல், நீலத்தாளில் ஒரு சான்று வழங்கப்பட்டது. அதைப் பெற்றவருக்குச் சட்டத்தின் சலுகைகள் பெரும்பாலும் மறுக்கப்பட்டன. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை வழங்கப்பட்ட 48,603 நீலத்தாள்களில் 10,806 கறுப்பின வீரர்களுக்கு உரியவை. தரைப்படையில் அவர்கள் பங்கோ 6.5 விழுக்காடு மட்டுமே. வீட்டு விற்பனையிலும் கடனிலும் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் கூட்டரசுச் சட்டம் 1968இல்தான் வந்தது.

இன்றைய விதிகள்

இத்திட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. 1980க்குப் பின் சேர்ந்தவர்களுள் பெரும்பாலோருக்கு 24 மாதத் தொடர்பணி வேண்டும். அல்லது அழைக்கப்பட்ட காலம் முழுவதும், குறைந்தது 90 நாள், பணியாற்றியிருக்க வேண்டும். தேசியக் காவற்படையினரும் சேமப்படையினரும் ஆறு ஆண்டுப் பணியால் தகுதி பெறலாம். பணியில் உயிர்நீத்தவரின் துணைவருக்கும் வழியுண்டு. பணிவிடுப்புச் சான்றைக் காட்டித் ‘தகுதிச் சான்றிதழ்’ பெற வேண்டும். வாங்கும் வீட்டில் தாமே குடியிருக்க வேண்டும். முன்பணம் பொதுவாகத் தேவையில்லை. ஒருமுறைக் கட்டணம் உண்டு. பணியால் ஏற்பட்ட ஊனத்திற்கு இழப்பீடு பெறுவோருக்கு அதுவும் இல்லை.

ஆனால், தகுதிச் சான்றிதழ் கடன் அன்று. வருமானத்தையும் பழைய கடன் வரலாற்றையும் ஆராய்ந்து முடிவு செய்வது இன்றும் கடன் வழங்கும் நிறுவனமே.

நாம் கற்பிக்க வேண்டியது

வீட்டுரிமை ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை. 1947இல் வீடு வாங்கியவரின் பிள்ளைகள் அதன் மதிப்பில் கல்லூரி சென்றனர். மறுக்கப்பட்டவரின் பிள்ளைகள் அதனை இழந்தனர். ஆகவே, ஒரு சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இரு வினாக்களை மாணவர் கேட்கப் பழக்குவோம். யாருக்குத் தகுதி உண்டு என்பது முதல் வினா. அத்தகுதியை ஏற்று இறுதி முடிவெடுப்பவர் யார் என்பது இரண்டாவது. உதவித்தொகைக்கும் கடனுக்கும் மனுச் செய்யும் நம் பெற்றோர்க்கும் இவ்விரண்டாம் வினா பயன்படும்.