‘பூஃப்’ – தலையில் ஏறிய சொல்

சங்கத்திற்குப் புதிதாக வரும் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் வினவுவது, “தங்களுக்கு எந்த ஊர்?” என்பதே. நம் இல்லங்களில் குடிபுகுந்துள்ள பிறமொழிச் சொற்களிடமும் அவ்வாறே ஊர் கேட்கலாம். சோபாவின் முன்னே காலில்லாமல் அமர்ந்திருக்கும் பஞ்சு இருக்கையைப் ‘பூஃப்’ என்கிறார்களே, அதன் ஊர் பிரான்சு.

காற்றுப் போவதைப் ‘புஸ்’ என்றும், உப்பி மென்மையாயிருப்பதைப் ‘புசுபுசு’ என்றும் நாம் ஒலியாலேயே உணர்த்துகிறோம். ‘பூஃப்’ என்பதும் அத்தகைய ஒலிக்குறிப்புச் சொல்லே. பிரெஞ்சு மொழியில் அது ஊதலை மட்டுமன்று, பொத்தென விழும் ஓசையையும் குறிக்கும். இச்சொல்லின் வரலாறு இவ்விரு பொருளுக்கும் சான்றாய் அமைந்தது.

1774-ஆம் ஆண்டில் இச்சொல் மகளிர் தலையில் ஏறியது. ஆடைக் கலைஞர் ரோஸ் பெர்த்தேனும், சிகை ஒப்பனையாளர் லெயோனாரும் அரசி மரி அந்துவானெத்துக்கு அமைத்த கொண்டையே ‘பூஃப்’. கம்பிச் சட்டத்தின்மீது கூந்தலை உயர்த்தி, திண்டு வைத்து உப்பச் செய்து, நறுநெய் பூசி, மாவுப்பொடி தூவுவர். அவ்வாண்டு மே 10-இல் 15-ஆம் லூயி மன்னர் பெரியம்மையால் மாண்டார். புதிய மன்னர் 16-ஆம் லூயி ஜூனில் அம்மை குத்திக்கொண்டார். அதனைக் கொண்டாடவும் ஒரு கொண்டை எழுந்தது! 1775 மார்ச்சில் அரசியின் அன்னை மரியா தெரேசா, மகளின் கொண்டை 36 அங்குலம் உயர்ந்திருப்பதாகக் கேள்வியுற்று, கடிந்து மடல் எழுதினார்.

அடுத்த சில வாரங்களில், ரொட்டி விலை ஏறியதால் பாரிசைச் சூழ்ந்த ஊர்களில் ‘மாவுப் போர்’ எனப்படும் கலகம் மூண்டது. முந்தைய ஆண்டின் விளைச்சல் குறைவும், தானிய வணிகத்தின்மேலிருந்த கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டதுமே அதன் காரணங்கள். கொண்டைமேல் பழி சுமத்துதல் நேர்மையன்று. எனினும், வயிற்றுக்கு மாவு கிட்டாத நாட்டில் தலைக்கு மாவு தூவிய காட்சி எத்தகைய கசப்பை விளைத்திருக்கும்! 1793 அக்டோபர் 16-இல் கொலைமேடைக்குச் செல்லுமுன் அவ்வரசியின் கூந்தல் கத்தரிக்கப்பட்டது.

கொண்டை மறைந்தது; சொல் மறையவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் அது காலில்லா உருண்டை இருக்கைக்குப் பெயராயிற்று. 1870-களில் பாவாடையின் பின்புறம் உப்பிய மடிப்பையும், 1980-களில் கிறிஸ்தியான் லக்ருவா வடித்த குமிழ்ப் பாவாடையையும் அதுவே சுட்டியது. பெல்ஜியத்துப் பிரெஞ்சு வழக்கில் ‘பூஃப்’பில் வாங்குதல் என்றால் கடனுக்கு வாங்குதல். கையில் காசில்லாமல் காற்றை நம்பி வாங்குவதுதானே கடன்!

அரசியின் தலைமேல் அமர்ந்த சொல், இன்று அலுவலகத்திலிருந்து திரும்பும் நாம் காலை நீட்டி இளைப்பாறும் இருக்கையில் வந்து தங்கியுள்ளது. இந்தப் பணியே அதற்கு மேன்மை என்பது என் கருத்து. அடுத்த முறை நம் பிள்ளைகள் அதன்மேல் துள்ளிக் குதிக்கும்போது, அதன் ஊரையும் கதையையும் அவர்களுக்குச் சொல்வோமாக.