பத்துக்கண்ணும் இரண்டு சேனலும்

புதுச்சேரியில் வில்லியனூர்ப் பக்கம் பத்துக்கண்ணு என்று ஓர் ஊர். பத்துக் கண் வைத்த மதகால் வந்த பெயர். சுத்துக்கேணி வாய்க்கால் தண்ணீர் இந்த வழியாகத்தான் ஊசுடு ஏரிக்குப் போகிறது. தெற்கே பாகூருக்குப் போனால் பங்காரு வாய்க்கால், தென்பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டு சேர்ப்பது. ஏரி எவ்வளவு பெரிதானால் என்ன, மதகில் எத்தனை கண் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வயலுக்குத் தண்ணீர் பாயும். இந்தக் கொம்யூன்களில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கடையில் ‘டூயல் சேனல்’ என்று சொல்கிறார்களே, அதுவும் கிட்டத்தட்ட இந்தக் கணக்குதான். சேனல் என்றால் வாய்க்கால்தானே, இங்கே ரேமிலிருந்து பிராசஸருக்குத் தகவல் பாயும் வாய்க்கால்!

இந்த ஊர்களுக்குக் கம்ப்யூட்டர் வந்த கதை 1998-இல் தொடங்குகிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. நிதியுதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமத் தகவல் மையங்களை அமைத்தது. இடமும் ஆளும் ஊர் தரவேண்டும், கருவிகள் நிறுவனம் தரும். எல்லாச் சாதியினரும் உள்ளே வரலாம் என்பது கட்டாய நிபந்தனை. எம்பலத்தில் கம்ப்யூட்டர் குடியேறியது கோயில் வளாகத்தில். கீழூரிலும் ஒரு மையம் வந்தது. 1954 அக்டோபர் 18-இல் பிரெஞ்சிந்தியப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்று வாக்களித்த அதே கீழூர்.

தொலைபேசியை நம்ப முடியாத காலம். வில்லியனூரிலிருந்து கிராமங்களுக்கு வி.எச்.எஃப். வயர்லெஸ் வழியாகவே பேச்சும் போனது, தகவலும் போனது. கரண்ட் போய்ப் போய் வந்ததால் சூரியத் தகடும் பேட்டரியும் வைத்தார்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் எடுத்த அலை உயரக் கணிப்பு ஒலிபெருக்கியில் தமிழில் ஒலித்தது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு போன் அழைப்புக்குப் பின் நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கிதான் ஊரைக் கரையிலிருந்து விரட்டியது. படகும் வலையும் போயின. மக்கள் பிழைத்தார்கள்.

ஊருக்கு ஒரே பெட்டி என்றிருந்த அந்த நாளில், பெட்டிக்குள் ரேம் ஒன்றா இரண்டா என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கேட்கத் தேவையில்லாத நல்ல காலமும் அதுதான். அதற்குச் சற்று முன்புவரை ரேமை ஜோடி சேர்க்காமல் வண்டி ஓடாது. 486 பிராசஸருக்கு ஒரே நேரத்தில் 32 பிட் வேண்டும், 30 பின் கொண்ட ரேம் கொடுப்பதோ 8 பிட். ஆகவே நாலு நாலாகச் செருகவேண்டும். 72 பின் ரேம் 32 பிட் தந்தது. நிம்மதி என்று நினைப்பதற்குள் 1993-இல் பென்டியம் வந்து 64 பிட் கேட்டது, மறுபடி இரண்டிரண்டு. ஒன்றை மட்டும் செருகினால் பெரும்பாலான போர்டுகள் உயிரே பெறாது. கடைக்காரருக்கு அது தலைவலி. ஆனால் தப்பு நடந்தது உடனே தெரிந்துவிடும்.

168 பின் கொண்ட ரேம் தனி ஆளாகவே 64 பிட் கொடுத்தது. 1998 ஏப்ரலில் இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட்டோடு வந்த பிசி100 ரேம், நொடிக்கு 800 எம்.பி. தந்தது. ஒன்று போதும், ஜோடி வழக்கம் ஒழிந்தது என்றுதான் தோன்றியது.

மூன்று வருடம் தாங்கவில்லை. 2000 நவம்பரில் வந்த பென்டியம் 4 நொடிக்கு 3.2 ஜி.பி. விழுங்கக்கூடியது. அதற்காக இன்டெல் 850 சிப்செட்டில், 1.6 ஜி.பி. தரும் ராம்பஸ் வகை ரேமின் சேனல் இரண்டைப் பக்கம்பக்கமாக ஓடவிட்டார்கள். ரேம் இரண்டிரண்டாகத்தான் போடவேண்டும், காலியாக இருக்கும் ஸ்லாட்டிலும் சிப் இல்லாத வெற்றுப் பலகை ஒன்றைச் செருகவேண்டும். விலையோ யானை விலை. சாதாரண டிடிஆர் ரேமிலேயே இரண்டு வாய்க்கால் வெட்டலாம் என்று 2001-இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ் காட்டியது. 2003-இல் இன்டெலின் 865 வந்தபின் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது இறங்கிவந்தது. டிடிஆர்400 ஒன்று 3.2 ஜி.பி., இரண்டு 6.4. அப்போதைய பென்டியம் 4-இன் பசியும் சரியாக 6.4.

இந்தத் தடவை ஜோடி கட்டாயமில்லை. வினையும் அங்கேதான். ஒரே ரேம் போட்டாலும் மெஷின் சமர்த்தாக ஓடும், ரேமின் அளவும் சரியாகவே காட்டும். பாதி மதகு மூடியிருப்பது முதல் மடைக்காரருக்குத் தெரியாத மாதிரி, கடிதம் அடிப்பவருக்கும் பாட்டு கேட்பவருக்கும் வித்தியாசமே தெரியாது. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் கேம் ஆடுகிற, வீடியோ வெட்டுகிற பையன்தான் கடைமடைக்காரன்.

இதைவிடச் சிரிப்பு, இரண்டு ரேம் வாங்கியும் அடுத்தடுத்த ஸ்லாட்டில் செருகிவிடுவது. நாலு ஸ்லாட் உள்ள போர்டில் முதல் இரண்டும் பொதுவாக ஒரே வாய்க்கால்தான். இப்போதைய போர்டுகளில் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும்தான் ஜோடி. சிலவற்றில் ஒரே நிற ஸ்லாட்டுகளே அடையாளம். இரண்டு ரேமும் ஒரே அளவு, ஒரே வேகமாக இருப்பது நல்லது, வேகம் மாறினால் குறைந்ததற்கே இரண்டும் இறங்கிவரும்.

கடலோர உப்புக்காற்றில் ரேமின் தங்கப் பின்கள் மங்கி, பெட்டி பீப் பீப் என்று கத்துவது இங்கே பழகிப்போன சங்கதி. சர்வீஸ் கடைக்காரர் கரண்டைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் நாலு தேய் தேய்ப்பார். பொடியை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘க்ளிக்’ என்று பூட்டு விழும்வரை அழுத்துவார். திரும்பச் செருகும்போது ஸ்லாட் மாறிப்போவதும் அந்த அவசரத்தில்தான். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் ‘டூயல்’ என்று இருக்கிறதா எனத் தெரிந்துவிடும். டிடிஆர்5 மெஷினில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். அதில் ஒரு ரேமுக்குள்ளேயே 32 பிட் வாய்க்கால் இரண்டு ஓடுகிறது. தனி ரேமுக்கு ‘2×32’, ஜோடிக்கு ‘4×32’.